சேருவில செப்பு – மேக்னடைட்டுப் படிவு

சேருவில செப்பு – மேக்னடைட்டுப் படிவு என்பது இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்துள்ள ஒரு கனிமப் படிவு ஆகும். இரும்புத் தாதுவான மேக்னடைட்டும் செப்புத் தாதுவான சால்கோபைரைட்டும் இங்கு ஒரே பாறையில் கலந்து காணப்படுகின்றன. 1971-ஆம் ஆண்டில் இலங்கையின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் இதைக் கண்டறிந்தது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இங்கு வணிக அளவில் சுரங்கம் எதுவும் தொடங்கப்படவில்லை.

நிலத்தடியில் ஓர் உலோகம் இருப்பது வேறு. அது சுரங்கமாக மாறுவது வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள சேருவில படிவு நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது. செம்பு இங்கு எப்படிச் சேர்ந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, ஏன் இன்னும் தோண்டப்படவில்லை ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடையின் பெரும்பகுதி அங்குள்ள பாறையிலும் நிலத்திலுமே இருக்கிறது.

அமைவிடம்

திருகோணமலை நகருக்குத் தெற்கே கொட்டியாரக் குடா உள்ளது. அதன் தென்கரையில் மூதூர் நகரம் இருக்கிறது. இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி கங்கை (335 கி.மீ.) இக்குடாவில் கடலோடு கலக்கிறது. அதன் கிளையாறான வெருகல் ஆறு மேலும் தெற்கே சென்று கடலை அடைகிறது. இவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலப்பகுதியில் சேருவில அமைந்துள்ளது. தாது காணப்படும் இடம் அரிப்பு எனப்படும். முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற மன்னார் மாவட்டத்து அரிப்பு வேறு, இந்த அரிப்பு வேறு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இப்பகுதியில் குளங்களும் வாய்க்கால்களும் நெல்வயல்களும் மிகுதி. அல்லைக் குளத்தின் பாசனத் திட்டம் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது. கடற்கரையை ஒட்டிக் களப்புகள் உள்ளன. சேருவில – அல்லை வனவிலங்குச் சரணாலயமும் இப்பகுதியிலேயே உள்ளது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தினரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். வெருகல் முருகன் கோவிலும், சேருவில மங்கள ரஜமகா விகாரையும் இங்குள்ள முக்கிய வழிபாட்டுத் தலங்கள்.

இருவகைத் தீவுகள்

உலகின் பெரிய செப்புச் சுரங்கங்கள் சில தீவுகளில் உள்ளன. நியூகினித் தீவின் கிராசுபெர்க்கும், பூகன்வில் தீவின் பங்குனாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தீவுகள் எரிமலை வளையத்தில் அமைந்தவை. ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும்போது பாறைக்குழம்பு மேலெழுகிறது. அது மேலோட்டில் குளிர்கையில் வெளிவிடும் சூடான நீர், சுற்றியுள்ள பாறையின் நுண்ணிய வெடிப்புகளில் செப்புக் கனிமங்களைப் படியச் செய்கிறது. இவை பார்ஃபிரி வகைப் படிவுகள் எனப்படும். புவியியல் கணக்கில் இவை இளம் படிவுகள்; சில பத்து லட்சம் ஆண்டுகள் வயதுடையவையே.

இலங்கை அத்தகைய எரிமலைத் தீவு அன்று. அது ஒரு பழங்கண்டத்தின் துண்டு. இந்தியா, மடகாசுகர், கிழக்கு அண்டார்டிகா ஆகியவற்றோடு சேர்ந்து கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் நடுப்பகுதியில் இருந்தது. எனவே பங்குனாவில் செம்பு தேடும் முறையில் சேருவிலவில் தேடினால் பயன் இருக்காது. இங்குள்ள செம்பு, பலமுறை மடிந்து, வெந்து, உருமாறிய மிகப் பழைய பாறைகளில் இருக்கிறது.

இலங்கையின் பாறை அமைப்பு

இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு, கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட உருமாறிய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் சுண்ணாம்புக்கல் போன்றவை மட்டுமே பிற்காலப் படிவுகள். பழைய பாறைகளைப் புவியியலாளர் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கின்றனர்.

உயர்நிலத் தொகுதி: தீவின் நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்லும் அகன்ற பட்டை. சார்னோகைட், கோண்டலைட், குவார்ட்சைட், சலவைக்கல் ஆகியவை இதில் உள்ளன.

விஜயன் தொகுதி: கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள தாழ்நிலப் பகுதி. கிரானைட் தன்மையுள்ள நைஸ் பாறைகளும் ஹார்ன்பிளெண்டு – பயோடைட்டு நைஸ் பாறைகளும் மிகுந்தவை.

வன்னித் தொகுதி: உயர்நிலத் தொகுதிக்கு வடமேற்கே உள்ளது.

கடுகண்ணாவைத் தொகுதி: கண்டிப் பகுதியில் உள்ள சிறிய தொகுதி.

உயர்நிலத் தொகுதியின் பாறைகள் ஒரு காலத்தில் பூமிக்குள் 25 முதல் 30 கி.மீ. வரையான ஆழத்தில், 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இருந்தவை. ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாவின் பகுதிகள் ஒன்றோடொன்று மோதி இணைந்தபோது இந்த உருமாற்றம் நிகழ்ந்தது.

தாம்பரம், பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இப்பாறைகளில் ஒன்று மிகவும் பழக்கமானது. பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் சார்னோகைட் பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்ட இவ்வகைக் கல்லே. அதனால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமசு ஹாலண்டு இப்பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார். உலகின் எந்த மூலையில் சார்னோகைட் கிடைத்தாலும், அதன் முதல் அடையாள இடம் தென்சென்னைக் குன்றுகளே. இலங்கையின் மலைநாட்டிலும் இதே வகைப் பாறை உண்டு. ஆனால் வயது ஒன்றல்ல. சென்னைப் பகுதியின் சார்னோகைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. இலங்கைப் பாறைகளின் கடைசிப் பெரிய உருமாற்றம் அதற்கு வெகுகாலம் பிற்பட்டது.

இரு தொகுதிகளின் எல்லை

சேருவில படிவு, உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ளது. இந்த எல்லை, வரைபடத்தில் போட்ட வெறும் கோடு அன்று. பூமியின் ஆழத்தில் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதியின் மேல் தள்ளப்பட்டு ஏறி நின்ற இடம் இது. தென்கிழக்கில் கதிர்காமம், புத்தள ஆகிய இடங்களில் உயர்நிலப் பாறைகளின் துண்டுகள் விஜயன் பாறைகளின் மேல் தனித்தீவுகள்போல் கிடக்கின்றன. மேலேறிய பாறைத் தகட்டின் பெரும்பகுதி அரித்துச் செல்லப்பட்டபின் எஞ்சியவை அவை.

இந்த எல்லையை ஒட்டி வேறு சில அடையாளங்களும் உள்ளன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, பாம்புத்தோல் போன்ற தோற்றமுள்ள செர்பென்டினைட் பாறைகள். தென்கரையில் உள்ள உசங்கொட இதற்குப் பெயர்பெற்றது. இவை மிகு ஆழத்தில் தோன்றும் பாறைகளிலிருந்து உருவானவை.

இரண்டாவது, வெந்நீர் ஊற்றுகள். தெற்கே மகாபெலெஸ்ஸ, கிழக்கே மகா ஓயா, வடகிழக்கே திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா ஆகியவை இவ்வெல்லையை ஒட்டிய வட்டாரங்களில் உள்ளன. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பலரும் அறிந்தவை. இலங்கையில் இன்று இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் ஆழமான வெடிப்புகள் வழியாக இறங்கி, கீழே சூடேறி, மீண்டும் மேலெழுவதால் இவ்வூற்றுகள் உண்டாகின்றன.

ஆழமான வெடிப்புகள் இன்று வெந்நீருக்கு வழிவிடுகின்றன. பழங்காலத்தில் உலோகத்தைக் கரைத்துச் சுமந்த நீர்மங்களுக்கும் இத்தகைய பலவீனக் கோடுகளே வழியாக அமையும். ஆகவே ஒரு செப்புப் படிவு இந்த எல்லையில் அமைந்திருப்பதைப் புவியியலாளர் தற்செயலாகக் கருதுவதில்லை.

தாதுவும் கனிமங்களும்

சேருவிலவின் தாது, நைஸ் பாறைகளுக்கும் கால்சியம் சிலிக்கேட் பாறைகளுக்கும் இடையே, அவற்றின் அடுக்குப் போக்கை ஒட்டிக் காணப்படுகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள படிவுகள் கடும் வெப்பத்தில் சிலிக்காவோடு வினைபுரியும்போது கால்சியம் சிலிக்கேட் பாறைகள் உண்டாகின்றன. தாதுவில் உள்ள முக்கியக் கனிமங்கள் பின்வருமாறு.

மேக்னடைட்டு: இரும்பு ஆக்சைடு. கருநிறம் உடையது. தூய நிலையில் 72 விழுக்காடு இரும்பு கொண்டது. காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும்.

சால்கோபைரைட்டு: செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த கனிமம். பித்தளை மஞ்சள் நிறம் உடையது. தூய நிலையில் 34.6 விழுக்காடு செம்பு கொண்டது. உலகில் எடுக்கப்படும் செம்பின் பெரும்பகுதி இக்கனிமத்திலிருந்தே கிடைக்கிறது.

பைரைட்டு, பைரோடைட்டு: இரும்பு சல்பைடுகள். பைரைட்டின் பளபளப்பைப் பார்த்துப் பொன்னென்று ஏமாறுவோர் உண்டு.

அபடைட்டு: பாசுபரசு உள்ள கனிமம். உரத்துக்கான மூலப்பொருள்.

சால்கோபைரைட்டையும் பைரைட்டையும் வேறுபடுத்துவது எளிது. சால்கோபைரைட்டின் கடினம் மோ அளவுகோலில் 3.5 முதல் 4 வரை. இரும்பு ஆணியால் கீறலாம். பைரைட்டின் கடினம் 6 முதல் 6.5 வரை, ஆணியால் கீற முடியாது.

உருவான விதம் பற்றிய விளக்கங்கள்

மேக்னடைட்டும் சால்கோபைரைட்டும் சேர்ந்து காணப்படும் படிவுகள் உலகின் பல இடங்களில் உள்ளன. அவற்றின் தோற்றத்துக்கு மூன்று வகை விளக்கங்கள் கூறப்படுவது வழக்கம். சேருவில போன்ற படிவை ஆராய்வோர் இம்மூன்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஸ்கார்ன் முறை. கிரானைட் குழம்பு சுண்ணாம்புப் பாறையைத் தொடும் இடத்தில் சூடான நீர்மங்கள் அப்பாறையை மாற்றி இரும்பையும் செம்பையும் படியவைக்கின்றன. சேருவிலவின் கால்சியம் சிலிக்கேட் பாறைகள் இவ்விளக்கத்தை நினைவூட்டுகின்றன.

இரண்டாவது, இரும்பு ஆக்சைடு – செம்பு – பொன் முறை. உப்பு மிகுந்த சூடான நீர்மங்கள், மேலோட்டின் பெரிய வெடிப்புகள் வழியே வந்து, முதலில் இரும்பு ஆக்சைடையும் பின்னர் செப்பு சல்பைடையும் படியவைக்கின்றன. 1975-இல் தெற்கு ஆத்திரேலியாவில் ஒலிம்பிக் டாம் என்னும் மாபெரும் படிவு கண்டறியப்பட்ட பிறகே இவ்வகை தனியாக அடையாளம் காணப்பட்டது. பிரேசிலின் சலோபோ படிவிலும் மேக்னடைட்டோடு செம்பு உள்ளது. இராசத்தானின் கேத்ரி பட்டையையும் சிலர் இவ்வகையோடு ஒப்பிடுகின்றனர்.

மூன்றாவது, பழங்கடலடி முறை. கடலடி எரிமலைச் செயலின்போது வண்டலோடு சேர்ந்து படிந்த உலோகங்கள், பின்னர் பாறையோடு சேர்ந்தே உருமாறின என்பது இதன் சாரம். தாது, பாறை அடுக்குகளின் போக்கை ஒட்டி இருப்பது இவ்விளக்கத்துக்குத் துணையாகக் காட்டப்படும்.

இவற்றுள் ஒன்றை உறுதிசெய்வது ஏன் கடினம்? தாது படிந்த பிறகோ படிந்தபோதோ, பாறை முழுவதும் மீண்டும் வெந்து மடிந்துவிட்டது. பழைய கனிமங்கள் கரைந்து புதிய படிகங்களாயின. எழுதியதை அழித்துவிட்டு அதே பலகையில் மீண்டும் எழுதியது போன்ற நிலை இது. முதலில் எழுதியதன் சுவடுகளை மட்டுமே படிக்க முடிகிறது.

இது ஏட்டுக்கல்விச் சிக்கல் மட்டும் அன்று. படிவு எவ்வகை என்பதைப் பொறுத்தே அடுத்த துளையை எங்கே இடுவது என்ற முடிவு அமையும். ஸ்கார்ன் என்றால் கிரானைட்டின் விளிம்பைத் தேட வேண்டும். வெடிப்பு வழி வந்த நீர்மம் என்றால் வெடிப்பின் போக்கைத் தேட வேண்டும். கடலடிப் படிவு என்றால் அதே பாறை அடுக்கைத் தொடர்ந்து செல்ல வேண்டும்.

இரும்பு காட்டிக்கொடுத்த செம்பு

இலங்கையில் முறையான கனிம ஆய்வு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர், பின்னாளில் கலை வரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசாமி ஆவார். அவர் புவியியலில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றவர். தோரியனைட்டு என்னும் கனிமத்தை அடையாளம் கண்டவரும் அவரே. அந்த ஆய்வு அமைப்பே வளர்ந்து புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களமாயிற்று.

சால்கோபைரைட்டு காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. வண்டலுக்கு அடியில் கிடக்கும் அதை நேரடியாக உணர எளிய வழி இல்லை. ஆனால் சேருவிலவில் அது மேக்னடைட்டோடு கலந்துள்ளது. மேக்னடைட்டு உள்ள இடத்தில் புவியின் காந்தப்புலம் சற்று மாறுபடும். காந்தமானியோடு சீரான இடைவெளிகளில் நடந்து அளந்தால், மேலே பாறை தெரியாத இடத்திலும் கீழே உள்ள தாதுவின் போக்கை வரைந்துவிடலாம். அப்படி வரைந்த இடங்களில் துளையிட்டு, உருளை வடிவப் பாறைத் துண்டுகளை எடுத்துச் சோதிப்பார்கள். இம்முறையில் இரும்பு வழிகாட்டியாகிறது. செம்பு அதன் பின்னே வருகிறது.

1971-ஆம் ஆண்டு இலங்கைப் புவியியலில் குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில்தான் அனுராதபுரம் மாவட்டத்து எப்பாவலவில் பெரும் அபடைட்டுப் படிவும் கண்டறியப்பட்டது.

பழங்காலத்துச் செம்பு

இலங்கைத் தொல்லியல் அறிஞர் சுதர்சன் செனவிரத்ன, சேருவில படிவின் சூழலையும் தொல்லியலையும் இணைத்து ஆராய்ந்தார். இரும்புக்காலத் தொடக்கத்தில் மக்கள் இப்பகுதியில் குடியேற இங்கிருந்த உலோகத் தாது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது அவரது கருத்தின் சாரம். வெருகலுக்குத் தெற்கே கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உள்ளன. தமிழகத்திலும் இலங்கையிலும் இத்தகைய ஈமச் சின்னங்களை அமைத்த மக்கள் இரும்பையும் செம்பையும் அறிந்திருந்தனர்.

பழங்காலத்தவர்க்குத் தேவையான தாதுவின் அளவு மிகச் சிறியது. நிலத்தின் மேற்பரப்பில் கிடைக்கும் சில கூடைத் தாது ஓர் ஊருக்குப் போதும். இன்றைய சுரங்கத்துக்கோ பல லட்சம் டன் வேண்டும். ஆகவே பழங்காலத்துக்கு நல்ல படிவு, இக்காலத்துக்கும் நல்ல படிவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏன் இன்னும் சுரங்கமாகவில்லை?

புவியியல் நூல்கள் சேருவிலவைக் குறிக்கும்போது சுரங்கம் என்றோ தாது இருப்பு என்றோ கூறுவதில்லை. ஆய்வுக்குரிய இடம் என்ற பொருள்தரும் சொல்லையே பயன்படுத்துகின்றன. கனிமத் துறையில் இச்சொற்களுக்கு ஏணிப்படி போன்ற வரிசை உண்டு.

1. கனிமத் தோற்றம்: ஓரிடத்தில் கனிமம் கண்ணில் பட்டது.
2. ஆய்வுக்குரிய இடம்: தொடர்ந்து ஆராயலாம் என்ற அளவுக்குச் சான்று உள்ளது.
3. கனிம வளம்: துளையிட்டு, அளவும் செறிவும் கணக்கிடப்பட்டுள்ளன.
4. தாது இருப்பு: செலவு போக ஆதாயத்தோடு எடுக்கலாம் என்று மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.
5. சுரங்கம்.

முதல் படியில் உள்ள நூற்றில் ஒன்றுகூடக் கடைசிப் படிக்குச் செல்வது அரிது. ஏறாமல் நின்றுவிடுவதே வழக்கம். ஏறிச் செல்வதே விதிவிலக்கு. தமிழ்நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. முன்னாள் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கலந்த சல்பைடுத் தாது உள்ளது. அதுவும் உருமாறிய பழம்பாறையில் உள்ள படிவே, அதுவும் சுரங்கமாகவில்லை.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். புவியின் மேலோட்டில் ஒரு டன் பாறையில் சராசரியாக 60 கிராம் அளவுக்குச் செம்பு உள்ளது. ஒரு விழுக்காடு செம்புள்ள தாதுவில், டன்னுக்கு 10 கிலோ செம்பு இருக்கும். அதாவது இயற்கை ஏற்கெனவே ஏறத்தாழ 170 மடங்கு செறிவாக்கித் தந்துவிட்டது. இருந்தும் ஒவ்வொரு டன்னிலும் 990 கிலோ வேறு பொருள். அந்த 10 கிலோ செம்பு, ஏறத்தாழ 29 கிலோ சால்கோபைரைட்டுத் துகள்களில் பரவிக் கிடக்கும். பாறையை மாவாக அரைத்து, நீரில் நுரை எழுப்பி அத்துகள்களைப் பிரிக்க வேண்டும். பின்னரே உருக்காலைக்கு அனுப்ப முடியும். அரைவை ஆலை, மின்சாரம், நீர், சாலை, துறைமுகம், கழிவுக் குளம் ஆகியவற்றின் அடிப்படைச் செலவு, படிவு சிறிதானாலும் பெரிதானாலும் அதிகம் குறையாது. எனவே சிறிய அல்லது சிதறலான படிவு, செறிவு நன்றாக இருந்தாலும் செலவைத் தாங்காது.

பட்டைகளாகவும் வில்லைகளாகவும் மடிந்து கிடக்கும் தாதுவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு துளையில் தாது கிடைத்தது என்பதற்காக அடுத்த துளையிலும் கிடைக்கும் என்று கொள்ள முடியாது. நெருக்கமாகப் பல துளைகள் இட வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் பணம் வேண்டும்.

தாதுவிலிருந்து செம்பு பிரிக்கும் பெரிய உருக்காலை இலங்கையில் இல்லை. செறிவாக்கிய தாதுவைக் கடல்கடந்து அனுப்ப வேண்டியிருக்கும். எதிர்க்கரையில் தூத்துக்குடியில் வெளிநாட்டுச் செறிவுத் தாதுவைக் கொண்டு இயங்கிய உருக்காலை, மக்கள் போராட்டத்துக்கும் உயிரிழப்புகளுக்கும் பிறகு 2018-இல் மூடப்பட்டது. சுரங்கத்தோடு செம்பின் சுற்றுச்சூழல் கேள்வி முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

இவற்றோடு வரலாறும் குறுக்கிட்டது. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் மூதூர் கிழக்கும் வெருகலும் போர்முனையாக இருந்தன. 2006 சூலையில் தகராறு மூண்ட மாவிலாறு அணைக்கட்டு இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. நிதானமாகத் துளையிட்டுப் பாறை ஆராயும் பணிக்கு அது காலமாக இருக்கவில்லை.

அதே மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டையில் கதை வேறு. அங்குக் கடற்கரை மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான் ஆகிய கனிமங்களை அலைகளே பிரித்துக் குவித்துவிட்டன. பாறை உடைக்கவோ அரைக்கவோ தேவை இல்லை. அதனால் அங்குக் கனிம மணல் தொழில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. இரு படிவுகளும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், ஒன்று தொழிலாயிற்று, மற்றொன்று ஆகவில்லை.

தோண்டிய குழியும் தேங்கும் நீரும்

பல்லாவரம், திரிசூலம், கீழ்க்கட்டளைப் பகுதிகளில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் உள்ளன. கல் எடுப்பது நின்றபின் அவற்றில் மழைநீர் தேங்கிக் குளமாயிற்று. சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் மாங்காடு அருகே உள்ள சிக்கராயபுரம் குவாரிகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு அனுப்பப்பட்டது. கல் குடைந்த குழியின் நீர் குடிநீராக உதவ முடிந்ததற்குப் பாறையும் ஒரு காரணம். சார்னோகைட்டில் குவார்ட்சு, பெல்ட்சுபார், ஹைபர்ஸ்தீன் ஆகியவையே முதன்மையானவை. கந்தகக் கனிமங்கள் மிகச் சொற்பம்.

சல்பைடுத் தாதுவைத் தோண்டிய குழி அப்படி இருக்காது. பைரைட்டும் பைரோடைட்டும் நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அமைதியாக இருக்கும். அவற்றை வெட்டிக் காற்றுக்கும் நீருக்கும் காட்டினால் கந்தக அமிலம் உண்டாகிறது. அமில நீர், பாறையில் எஞ்சிய செம்பையும் பிற உலோகங்களையும் கரைத்து எடுத்துச் செல்லும். சுரங்கம் மூடிய பிறகும் இது பல்லாண்டுகள் தொடரும். கால்சியம் மிகுந்த பாறைகள், குறிப்பாகச் சலவைக்கல், அமிலத்தை ஓரளவு தணிக்கும். எவ்வளவு தணிக்கும் என்பதைச் சோதனைச் சாலையில் அளந்துதான் சொல்ல முடியும்.

சேருவில தாழ்நிலம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மகாவலியின் கிளைகள் பெருகும். நிலத்தடி நீர்மட்டம் மேலேயே இருக்கும் இத்தகைய ஆற்று வண்டல் நிலத்தில், குழி தோண்டினால் ஊறும் நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டும். அந்த நீர் போய்ச் சேர்வது வயலுக்கும் களப்புக்கும்தான். நெல், மீன், கிணற்று நீர் மூன்றையும் நம்பி வாழும் ஊர்களுக்கு இது சிறிய கேள்வி அன்று.

பூகன்வில் தீவின் பங்குனா சுரங்கம் இதற்கு எச்சரிக்கையாக நிற்கிறது. 1972-இல் உற்பத்தி தொடங்கிய அச்சுரங்கம் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் செப்புச் சுரங்கங்களில் ஒன்றாக விளங்கியது. அரைத்த பாறைக் கழிவு ஜாபா ஆற்றில் விடப்பட்டது. ஆற்றுப்படுகை மேடாகி, கரையோரத் தோட்டங்களும் மீன்வளமும் அழிந்தன. இழப்பீட்டையும் ஆதாயப் பங்கையும் பற்றிய கோபம் 1988-இல் கிளர்ச்சியாக வெடித்து, 1989-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் வந்த உள்நாட்டுப் போர் ஏறத்தாழ பத்தாண்டுகள் நீடித்தது.

சட்டமும் எப்பாவல வழக்கும்

இலங்கையில் கனிம ஆய்வும் அகழ்வும் 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. இச்சட்டத்தின்படி, பழைய திணைக்களத்தின் இடத்தில் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் அமைந்தது. ஆய்வுக்கும் அகழ்வுக்கும் இப்பணியகமே உரிமம் வழங்குகிறது.

சேருவில கண்டறியப்பட்ட அதே ஆண்டில் வெளிப்பட்ட எப்பாவல படிவு, ஒரு முன்மாதிரித் தீர்ப்புக்கு இடமாயிற்று. 1990-களில் அங்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து பேரளவில் பாசுபேட்டு எடுக்க அரசு திட்டமிட்டது. வயலும் பழங்குளங்களும் உள்ள பகுதி என்பதால் உள்ளூர் மக்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2000-ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பு, படிவின் இருப்பை முழுமையாக ஆராய்ந்து, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டையும் முடிக்காமல் அத்திட்டத்தில் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று தடுத்தது. இயற்கை வளத்தை அரசு மக்களின் பொறுப்பாளராக இருந்து காக்க வேண்டும் என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. சேருவிலவில் எப்போதாவது சுரங்கம் பற்றிப் பேச்சு எழுந்தாலும் இத்தீர்ப்பு அளவுகோலாக இருக்கும்.

இன்றைய முக்கியத்துவம்

மின்சார வாகனங்கள், காற்றாலைகள், சூரிய மின்நிலையங்கள் ஆகியவை பெருகும்போது செம்பின் தேவையும் பெருகுகிறது. ஒரு மின்சாரக் காருக்குச் சுமார் 80 கிலோ செம்பு தேவை என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. ஒரு விழுக்காடு தாதுவானால், அந்த ஒரு காருக்காக எட்டு டன் பாறையை வெட்டி அரைக்க வேண்டும். இதனால் முன்பு ஒதுக்கப்பட்ட சிறு படிவுகளையும் உலகெங்கும் மீண்டும் பார்க்கத் தொடங்கியுள்ளனர்.

தோண்டப்படாத படிவு வீணான படிவு அன்று. பாறை அங்கேயே இருக்கிறது; அது அழுகிப்போவதில்லை. ஆனால் ஒருமுறை கெட்ட வயலையும் கிணற்றையும் மீட்க ஒரு தலைமுறை போதாது. எனவே சேருவில போன்ற இடங்களில் முதலில் செய்ய வேண்டியது அகழ்வு அன்று, அளவீடு. தாது எவ்வளவு, செறிவு எவ்வளவு, நீர் எங்கே செல்கிறது, அமிலம் எவ்வளவு உண்டாகும் என்பன தெரிந்த பிறகே, வேண்டுமா வேண்டாமா என்று அங்கு வாழ்பவர்கள் முடிவெடுக்க முடியும்.

மாணவர்களுக்கான செயல்பாடு

கல் விற்கும் இடங்களிலும் வீடு கட்டும் இடங்களிலும் கிடக்கும் கருநீலச் சார்னோகைட் ஜல்லி ஒன்றைப் புதிதாக உடைந்த பக்கத்தில் பார்க்கவும். எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் குவார்ட்சையும் பெல்ட்சுபாரையும் அதில் காணலாம். பின்னர் ஒரு காந்தத்தை நூலில் கட்டி அக்கல்லின் பொடியருகே கொண்டு செல்லவும். சில மணிகள் ஒட்டினால் அவை மேக்னடைட்டு. அரிப்பு ஊரில் வண்டலுக்கு அடியில் கிடந்த செம்பைக் காட்டிக்கொடுத்த அதே கனிமம்தான் அது.